கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் என்னோடு வேலை செய்பவர்கள் டிசம்பர் பிறந்ததும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றை எங்கள் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள்களும் மருமகன்களும் கேட்டார்கள். நான் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்க்காரன், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். ஆகவே பதில்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் வழக்கத்தை ஒட்டியவை. வேறு ஊர்க்காரர்களுக்கு வேறு வழக்கம் இருக்கும்.

வருடத்தில் எத்தனையோ விடுமுறை இருக்க, குடும்பம் கூடுவதற்குக் கிறிஸ்துமஸையே ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?

உண்மையைச் சொன்னால் முதல் காரணம் பக்தி இல்லை, பள்ளிக்கூடம். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதன்பின் புத்தாண்டு வரை பிள்ளைகளுக்கு விடுமுறை. இறையியல்படி பார்த்தால் ஈஸ்டர்தான் பெரிய பண்டிகை. ஆனால் அது மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேர்வு நெருக்கடிக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வந்து போய்விடுகிறது. அதற்கு முன்னால் லெந்து என்ற நாற்பது நாள் நோன்புக்காலம், பிறகு பெரிய வெள்ளியின் மூன்று மணி நேர ஆராதனை என்று மனம் கனத்தே கிடக்கும். ஞாயிறு மாலையே பஸ் ஏற வேண்டும். கிறிஸ்துமஸுக்கோ 25இல் தொடங்கி ஜனவரி 1 வரை ஒரு முழு வாரம் கிடைக்கிறது.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இது தனியாளாகச் செய்து முடிக்க முடியாத பண்டிகை. மாவு இடிக்க, பாகு பதம் பார்க்க, குடில் கட்ட, ஒட்டடை அடிக்க, நட்சத்திரம் தொங்கவிட ஏணி பிடிக்க, கேரல் குழு நள்ளிரவில் வந்தால் எழுந்து காப்பி போட என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். ஆட்கள் வேலைக்காக வந்து சேர்கிறார்கள், வேலை செய்துகொண்டே பேசுகிறார்கள். சும்மா ஒரு வரவேற்பறையில் இருபது சொந்தக்காரர்களை உட்கார வைத்துப் பாருங்கள்: அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு கைபேசியை எடுத்துக்கொள்வார்கள். அதே இருபது பேரிடம் ஆளுக்கொரு வேலையைக் கொடுத்தால் நள்ளிரவு வரை பேச்சு ஓடும்.

எத்தனை பேர் இப்படி ஊருக்குத் திரும்புகிறார்கள்? தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் குறைவுதானே?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், ஏறத்தாழ 44 லட்சம் பேர். ஆனால் அவர்கள் மாநிலம் முழுவதும் சமமாகப் பரவி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் மக்கள்தொகையில் பாதியை நெருங்குகிறார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கிறிஸ்தவக் குடியிருப்புகள் உண்டு. பிழைப்புக்காக இங்கிருந்து சென்னை, பெங்களூரு, மும்பை, வளைகுடா என்று போனவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் திரும்பினால் என்ன ஆகும் என்பதை ரயில் டிக்கெட் எடுக்க முயன்றவர்களைக் கேளுங்கள்.

சரி, டிக்கெட் எப்படித்தான் எடுப்பது?

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 22 பயணத்துக்கு அக்டோபர் 23 காலை 8 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி, அனந்தபுரி என எந்த எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். தட்கலை நம்பி இருக்காதீர்கள். ஆம்னி பஸ் கட்டணத்தைப் பற்றி இங்கே எழுதினால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: 24ஆம் தேதி இரவு வண்டியில் ஏறாதீர்கள். வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்து, இலை போட்டிருக்கும். விருந்தாளியாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவீர்கள். 22ஆம் தேதியே வண்டி ஏறிவிடுங்கள், அப்போதுதான் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கும்.

பலகாரம் கடையிலேயே கிடைக்கிறதே, வீட்டில் ஏன் இந்தப் பாடு?

கிடைக்கிறதுதான். முதலூர் மஸ்கோத் அல்வாவையும் தூத்துக்குடி மக்ரூனையும் நாங்களும் கடையில்தான் வாங்குகிறோம். மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு சேர்த்து மெல்லிய சூட்டில் வேக வைப்பது. டிசம்பர் மாத ஈரக்காற்று பட்டால் கொஞ்ச நேரத்திலேயே பிசுபிசுத்துவிடும். அதை வீட்டில் முயன்று பார்க்கும் துணிவு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. பிளம் கேக்கும் பேக்கரியிலிருந்து வருகிறது.

முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வேறு கதை. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயற்றை வாசம் வர வறுத்துத் திரிக்க வேண்டும். தேங்காய்த்துருவலை ஈரம் போகும்வரை சிவக்க வறுக்க வேண்டும், அவசரப்பட்டால் நாலு நாளில் காறல் அடிக்கும். எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து வெல்லப்பாகையோ கருப்பட்டிப் பாகையோ ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, உதிரும். இங்கேதான் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஒரு படி மாவை ஒருவர் உருட்டி முடிப்பதற்குள் பாகு இறுகிவிடும். ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்தால் சூடு ஆறுமுன் முடியும். பிறகு அரிசிமாவும் மஞ்சளும் கரைத்த கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் போட்டு எடுப்பார்கள்.

அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி. அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காய வைக்க வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காது. அச்சின் தலைவரை முக்கிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. முக்கால் பாகம் முக்கி, எண்ணெயில் பிடித்து, லேசாக ஒரு தட்டு. அந்தத் தட்டு எல்லோருக்கும் வராது. எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு வரும், அவருக்குப் பிறகு பொறியியல் படிக்கும் ஒரு பேரனுக்கு வந்திருக்கிறது. பெண்களுக்கு மட்டுமான வேலை என்று இதை ஒதுக்கி வைத்த காலம் போனது நல்லதுதான். ஆண்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு அரசியல் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் மூன்று நாள் புகையில் வேகும் பண்டிகையைக் குடும்பப் பண்டிகை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்னும் பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆராதனை நள்ளிரவிலா, விடியற்காலையிலா?

கத்தோலிக்கர்களுக்கு 24 இரவு. திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடப்படும்போது மணிகள் ஒலிக்க, குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைப்பார்கள். முத்துக்குளித்துறைக் கடலோர ஊர்களில் இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். பரதவ மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள், கத்தோலிக்கக் குருவான பிரான்சிஸ் சவேரியார் மறைபரப்ப 1542இல் வந்தார்.

எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ. சபைகளில் 25 அதிகாலை. சில ஊர்களில் மூன்று மணிக்கு முதல் மணி அடித்துவிடுவார்கள். மார்கழிப் பனியில், ஒரே குளியலறை உள்ள வீட்டில், பதினான்கு பேர் அதற்குள் குளித்துப் புது உடுப்பு போட்டுத் தயாராக வேண்டும் என்றால் இரண்டு மணிக்கே வரிசை தொடங்கிவிடும். கடைசியில் நிற்பவருக்கு வெந்நீர் கிடையாது. கோயிலில் பாமாலையும் கீர்த்தனையும் மாறி மாறி வரும். பாமாலை ஐரோப்பிய மெட்டில் நேராக நடக்கும். கீர்த்தனை ராகத்தில் இழுத்துப் பாடுவது, கிழவர்கள் அதில்தான் குரலை எடுப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பேரனும் புத்தகமே பார்க்காத தாத்தாவும் ஒரே பாட்டைப் பாடுவது இந்த ஒரு நாளில் நிச்சயம் நடக்கும்.

குடில் கட்டுவது கத்தோலிக்கர்களின் வழக்கம் அல்லவா?

தொடக்கம் அங்கேதான். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்புக் காட்சியை அமைத்தார். இப்போது எங்கள் பக்கத்தில் சபை வேறுபாடு இல்லாமல் திண்ணைதோறும் குடில் உண்டு. கூரைக்குப் பனையோலை, தரைக்குத் தேரி மணல், குளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. பத்து நாளுக்கு முன் தட்டில் கேழ்வரகு விதைத்தால் பண்டிகைக்குப் பச்சைப் புல் தயார். மரத்துக்குச் சவுக்குக் கிளை. குடில் பிள்ளைகளின் ஆட்சிப்பகுதி. பெரியவர்கள் யோசனை சொல்லலாம், கை வைக்கக் கூடாது. எங்கள் குடிலில் ஒரு முறை ஆடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று நின்றது. யாரும் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் எப்போதுமே குடும்பப் பண்டிகையாக இருந்ததா?

இல்லை. ரோமில் டிசம்பர் 25 கொண்டாடப்பட்டதற்கான பழைய சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்பின் பல நூற்றாண்டுகள் அது கோயில் திருநாளாகவும் தெருக் கூத்தும் குடியுமாகவும் இருந்தது. அந்தக் களியாட்டம் பிடிக்காத பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள் கைக்கு அதிகாரம் வந்தபோது இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் பண்டிகையையே தடை செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவர்களுக்கு அபராதம். ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறையே கிடையாது. வீட்டுக்குள் மரம், பிள்ளைகளுக்குப் பரிசு, குடும்ப விருந்து என்ற வடிவம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் திரண்டது.

திருநெல்வேலிச் சீமைக்கு நற்செய்தி வேகமாகப் பரவியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். 1799இல் முதலூர் குடியிருப்பு உருவானது. மிஷனரி கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று கோயிலைச் சுற்றியே ஊர்கள் எழுந்தன. இப்படிப்பட்ட ஊரில் சபைக்குள் பாதிப்பேர் மாமன் மச்சான், மீதிப்பேர் சம்பந்தி. கோயில் எங்கே முடிகிறது, குடும்பம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. இங்கே கிறிஸ்துமஸ் குடும்பப் பண்டிகையானதற்கு மேல்நாட்டு வாழ்த்து அட்டைகளைவிட இந்த ஊர் அமைப்பே காரணம் என்பது என் கட்சி.

தலைக் கிறிஸ்துமஸ் யார் வீட்டில்? அதற்கு அடுத்த வருடம்?

தலைக் கிறிஸ்துமஸ் பெண் வீட்டில், அதில் சண்டை இல்லை. மாப்பிள்ளைக்கு உடுப்பு, மோதிரம், கறி விருந்து. சண்டை இரண்டாம் வருடத்தில்தான் தொடங்குகிறது. ‘பண்டிகையும் அதுவுமா பிள்ளை இல்லாமல் எப்படி’ என்று இரண்டு அம்மாக்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். 25 ஒரு வீடு, 26 மறு வீடு, அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வது என்பது பெரும்பாலான குடும்பங்கள் கண்டுபிடித்த வழி. இரண்டும் பக்கத்து ஊராக இருந்தால் காலை ஆராதனை இங்கே, மதியச் சாப்பாடு அங்கே. இதை நவம்பரிலேயே பேசி முடித்துவிடுங்கள். 24 இரவு எண்ணெய்ச் சட்டி காயும்போது பேசத் தொடங்கினால் விளைவுகளுக்கு நான் பொறுப்பில்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். நண்பர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன கொண்டு போக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கையில் கொஞ்சம் பழம் போதும். பகல் பதினோரு மணிக்கு முன் போகாதீர்கள், இரவு முழுவதும் தூங்காத வீடு அது, அப்போதுதான் ஒரு கண் அயர்ந்திருப்பார்கள். கோயிலுக்கு வர விருப்பமென்றால் தாராளமாக வரலாம். செருப்பை வெளியே விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு, ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காரும் வழக்கமும் உண்டு. அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணைக்கு மட்டும் எழுந்து போக வேண்டாம், இருக்கையிலேயே இருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல்: அச்சு முறுக்கிலும் கலகலாவிலும் முட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தட்டு கொடுத்து அனுப்பும்போது அதைச் சொல்லியாக வேண்டும். முந்திரிக்கொத்தும் தேன்குழலும் கவலையின்றிக் கொடுக்கலாம். தீபாவளிக்கு வந்த தூக்குவாளியைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்து, கிறிஸ்துமஸ் பலகாரம் நிரப்பிக் கொடுக்கும் வீடுகளை நான் அறிவேன். தீபாவளிப் பட்டாசில் கொஞ்சம் வாங்கிப் பரணில் போட்டுவைப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். டிசம்பரில் மழை ஈரம் ஏறிப் பாதி வெடிக்காது.

வீட்டில் சாவு விழுந்த வருடம் என்ன செய்வது?

பல குடும்பங்களில் அந்த வருடம் நட்சத்திரம் கட்டுவதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. ஆனால் ஆராதனைக்குப் போவார்கள், உறவினர்கள் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சில வீடுகளில் 25 காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு சிறிய குடிலாவது வையுங்கள் என்பேன், இறந்தவர் தாத்தாவோ பாட்டியோ என்றால் அவர்களே அதை விரும்பியிருப்பார்கள்.

கடலோர ஊர்களில் இது ஒரு வீட்டின் துக்கமாக மட்டும் இல்லை. 2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் டிசம்பர் 26, ஞாயிறு காலை, பண்டிகைக்கு வந்த சொந்தங்கள் வீடு நிறைய இருந்தபோதுதான் சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஊர்களில் பலர் போனார்கள். அந்த ஊர்களில் 25 கொண்டாட்டம், 26 நினைவுத் திருப்பலி. அங்கே விருந்தாளியாகப் போகிறவர்கள் 26 காலையில் பாட்டைச் சத்தமாக வைக்காமல் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே சிக்கி நின்றது. அதற்கு ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். அந்த ஆண்டு ஊருக்கு வந்தவர்களில் பலர் சேறு வாரத்தான் வந்தார்கள். அதுவும் பண்டிகை வேலைதான்.

வெளிநாட்டில் இருக்கிறோம். விடுப்பு கிடைக்கவில்லை.

சவுதியிலும் அமீரகத்திலும் டிசம்பர் 25 பொது விடுமுறை இல்லை. விடுப்பை மிச்சம் பிடித்து வைத்திருந்தவர்களுக்கே வர வாய்க்கும். வர முடியாதவர்கள் வீடியோ அழைப்பில் ‘எல்லோரும் ஒரு நிமிடம் வாருங்கள்’ என்று வரிசையாக முகம் காட்டச் சொல்வதைவிட, பலகாரம் சுடும் நேரத்தில் கைபேசியை அடுக்களை ஜன்னலில் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். பேச்சு அதன்போக்கில் நடக்கும். தேதி மாற்றிக் கொண்டாடுவதிலும் குற்றமில்லை. உலகில் ஒரு பகுதிக் கிறிஸ்தவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7இல்தான் கொண்டாடுகிறார்கள்.

செலவு கையைக் கடிக்கிறது. எதைக் குறைக்கலாம்?

உடுப்பை. ஆளுக்கு ஒன்று போதும், மாலைக்கு வேறு, புத்தாண்டுக்கு வேறு என்று வாங்கத் தொடங்கினால் முடிவே இல்லை. பலகாரத்தை இரண்டு வகையாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆட்டுக்கறியை நாலு வீடு சேர்ந்து பங்கு போட்டு வாங்கினால் மலிவு. கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடாதீர்கள். அதைப் பிப்ரவரியிலும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

25க்கு வர முடியாது, புத்தாண்டுக்கு வந்தால் ஆகாதா?

ஆகும். 31 இரவு ஆராதனை எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குச் சமமாக நிறையும். வருடத்துக்கான வாக்குத்தத்த அட்டையை, அதாவது ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட அட்டையை, வாங்கி, வீட்டுக்கு வந்து, யாருக்கு என்ன வசனம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு தனிச் சுகம். முந்திரிக்கொத்து அதுவரை கெடாது. ஆனால் தகர டின்னின் அடியில் உடைந்ததுதான் மிஞ்சியிருக்கும்.

நட்சத்திரத்தை எப்போது கழற்ற வேண்டும்?

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு கழற்றிவிடலாம். எங்கள் வீட்டில் ஏணி பிடிக்க ஆளில்லாமல் பொங்கல் தாண்டியும் தொங்கும்.